பாட்டியின் முழங்காலைக் கேட்டுத் தீவைத் தேர்ந்தெடுங்கள்

(ஜெஞ்சாரோமில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில், குடும்ப விடுமுறை குறித்து நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை.)



பாட்டி தாத்தா, மகன் மருமகள், பேரன் பேத்தி என்று மூன்று தலைமுறையும் ஒன்றாகக் கடற்கரை விடுமுறைக்குப் போவதென்றால் எந்தத் தீவுக்குப் போகலாம்? இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி. கேட்பதற்கு எளிய கேள்விதான். ஒரு முறை சூடுபட்டுக்கொள்ளும் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் குடும்பத்தில் பன்னிரண்டு பேர் கிழக்குக் கரைத் தீவு ஒன்றுக்குப் போனோம். தீவைத் தேர்ந்தெடுத்தது நான். கைப்பேசியில் படம் பார்த்தேன். கண்ணாடி போன்ற தண்ணீர், வெள்ளை மணல். உடனே பணம் கட்டிவிட்டேன். போகும்போது விசைப்படகு அலைக்கு அலை தூக்கிப் போட்டது. நாங்கள் இறங்கிய இடத்தில் ஜெட்டி இல்லை. முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். பாட்டியை அண்ணனும் சித்தப்பாவும் தூக்கித்தான் கரை சேர்த்தார்கள். அறைக்குப் போக முப்பது படிகள். அன்று ஏறிய பாட்டி, மூன்றாம் நாள் ஊர் திரும்பும்போதுதான் இறங்கினார். நாங்கள் பவளப்பாறை பார்க்கப் போனபோதெல்லாம் கைக்குழந்தையை அவரிடம்தான் விட்டுவிட்டுப் போனோம்.

பாட்டி குறை எதுவும் சொல்லவில்லை. "அடுத்த தடவ நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் வீட்டப் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

இந்தப் பேச்சை உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். பெரியவர்களுக்குக் கடல் பிடிக்காது என்று நாம் அதற்குப் பொருள் சொல்லிக்கொள்கிறோம். உங்களுக்குப் பாரமாக இருக்க மாட்டேன் என்பதுதான் அதன் உண்மையான பொருள். என் பாட்டி பிறந்தது, இங்கிருந்து தெலுக் பங்ளிமா காராங் பக்கம் போய்ப் பாலத்தைத் தாண்டினால் வரும் கேரித் தீவுத் தோட்டத்தில். தீவிலேயே பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் சதுப்புக் காடும் தோட்டமுமாக இருக்கும் அந்தத் தீவில், விளையாட்டுக்காகக் கடலில் கால் நனைத்த நினைவு அவருக்கு இல்லை. அவருக்கு ஒரு நல்ல கடற்கரையைக் காட்ட வேண்டிய நான், மூன்று நாள் அறைக்குள் உட்கார வைத்துவிட்டேன்.

அதிலிருந்து நான் கற்ற பாடம் ஒன்றுதான். குடும்பத்தில் யாருடைய கால் மெதுவாக நடக்கிறதோ, அந்தக் காலுக்கு ஏற்ற தீவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவர்கள் எங்கேயும் ஓடியாடி மகிழ்ந்துகொள்வார்கள்.

முதலில் நாள்காட்டி

வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர் முதல் மார்ச் வரை வீசும். அந்தக் காலத்தில் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் ஆகிய தீவுகளைச் சுற்றிக் கடல் கொந்தளிக்கும். தங்கும் விடுதிகளில் பெரும்பாலானவை மூடிக் கிடக்கும். ஆண்டிறுதியில்தான் நமக்கெல்லாம் சேர்ந்தாற்போல் விடுப்புக் கிடைக்கிறது என்றால், கிழக்குக் கரையை அப்போதே மறந்துவிடுங்கள். மேற்குக் கரையில் இருக்கும் பங்கோரும் லங்காவியும் அந்த மாதங்களிலும் திறந்திருக்கும்.

படகா, விமானமா?

மெர்சிங்கிலிருந்து தியோமானுக்குப் பெர்ரியில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். கடல் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துப் புறப்படும் நேரமும் மாறும். கோல பெசுட்டிலிருந்து பெர்ஹெந்தியானுக்கு விசைப்படகில் அரை மணி, முக்கால் மணிதான். ஆனால் அந்த அரை மணியில் முதுகு வலிக்காரர்களின் பாடு பெரும்பாடு. கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது. அங்கே கார் ஓடும் சாலை கிடையாது. ஒரு கடற்கரையிலிருந்து இன்னொன்றுக்குக் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும், இல்லையேல் படகு பிடிக்க வேண்டும். ஆமையும் வண்ண மீனும் பார்க்க அதைவிட அழகான இடம் இல்லை. இளையவர்கள் தாராளமாகப் போகலாம்.

லங்காவிக்குப் படகே வேண்டாம். சிப்பாங் விமான நிலையம் நமக்குப் பக்கம். ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரப் பயணம். சக்கர நாற்காலி தேவையென்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். தீவு முழுதும் நல்ல சாலை, வாடகைக் கார், அரசாங்க மருத்துவமனை எல்லாம் உண்டு. இருதய நோயாளியோ, நடக்கவே முடியாதவரோ வீட்டில் இருந்தால் என் முதல் தேர்வு லங்காவிதான். ஒரே சங்கடம், பன்னிரண்டு பேருக்கு விமானச் சீட்டு வாங்கும்போது விடுமுறைக் காலத்து விலை கையைக் கடிக்கும்.

பங்கோர் ஏன்?

மற்றக் குடும்பங்களுக்கு நான் சொல்வது பங்கோர். கோலசிலாங்கூர், சபாக் பெர்ணம் வழியாகக் காலையில் வேனில் புறப்பட்டால் மதியத்திற்குள் லுமுட் போய்விடலாம். வழியில் நினைத்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு இது பெரிய வசதி. லுமுட்டிலிருந்து பெர்ரியில் அரை மணி, முக்கால் மணி நேரம்தான். ஜெட்டியில் இறங்கினால் இளஞ்சிவப்பு வேன் டாக்சி நிற்கும். பாசிர் போகாக், தெலுக் நிப்பா கடற்கரைகளில் சாலையோரத்திலேயே மணல் தொடங்குகிறது.

பங்கோரில் மூன்று தலைமுறைக்கும் வேலை இருக்கிறது. பாட்டிக்குச் சுங்கை பினாங் கெச்சிலில் கடலோரமாகப் பத்திரகாளியம்மன் ஆலயம். மாசி மகம் அங்கே விமரிசையாக நடைபெறும். பள்ளிப் பிள்ளைகளுக்கு 1670இல் ஒல்லாந்தர்கள் கட்டிய கோட்டையும், பாடப் புத்தகத்தில் படித்த 1874ஆம் ஆண்டுப் பங்கோர் ஒப்பந்தமும். சின்னஞ்சிறுசுகளுக்கு மரத்திலிருந்து இறங்கி வரும் இருவாட்சிப் பறவைகள். அம்மாக்கள் நெத்திலிக் கருவாடு வாங்காமல் திரும்ப மாட்டார்கள். 2020 முதல் அது வரியில்லாத் தீவாகவும் இருக்கிறது.

பெர்ஹெந்தியான் தண்ணீரின் தெளிவு அங்கே கிடைக்காது. மீன் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளைத் தெலுக் நிப்பாவுக்கு எதிரே உள்ள கியாம் தீவுக்குப் படகில் அனுப்பி வையுங்கள். பெரியவர்கள் நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மோரிப்பில் ஒத்திகை

எங்கே போவதானாலும், அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பம் முழுவதையும் மோரிப் கடற்கரைக்கு அழைத்துப் போங்கள். இங்கிருந்து அரை மணி நேரம்தான். யாருக்குக் காரில் தலை சுற்றுகிறது, பாட்டி மணலில் எத்தனை அடி நடக்கிறார், தாத்தாவுக்கு எத்தனை முறை கழிப்பறை தேவைப்படுகிறது, எந்தப் பிள்ளை கண் மூடித் திறப்பதற்குள் தண்ணீருக்கு ஓடுகிறது, எல்லாம் தெரிந்துவிடும். எந்த விளம்பரப் படமும் இதைச் சொல்லித் தராது.

பிறகு விடுதிக்குத் தொலைபேசியில் பேசுங்கள். கீழ்த்தள அறை உண்டா? உட்காரும் கழிப்பறையா? மணலுக்கு எத்தனை அடி தூரம்? சைவ உணவு கிடைக்குமா? அருகில் கிளினிக் எங்கே? நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை இரண்டு நாளைக்குக் கூடுதலாகவே கைப்பையில் வையுங்கள். படகு நின்றுவிட்டால் உதவும்.

பாட்டிக்கும் விடுமுறை

கடைசியாக ஒன்று. ஊரில் சமைத்துப் பிள்ளை பார்த்தவரைத் தீவிலும் சமைத்துப் பிள்ளை பார்க்க வைத்தால் அது அவருக்கு விடுமுறையா? குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் முறையைப் பெரியவர்களுக்குள் பங்கிட்டு, புறப்படும் முன்பே எழுதி வையுங்கள். அந்தப் பட்டியலில் பாட்டியின் பெயர் இருக்க வேண்டாம்.

மறு ஆண்டு நாங்கள் பங்கோருக்குப் போனோம். வர மாட்டேன் என்றவரைச் சம்மதிக்க வைக்க ஒரு மாதம் ஆனது. மாலை வெயில் தாழ்ந்ததும், ஆழமில்லாத தண்ணீரில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பாட்டியை உட்கார வைத்தோம். அலை வந்து சேலையை நனைத்தது. கொள்ளுப்பேரன் தண்ணீரை அள்ளி இறைத்தான். இருட்டும் வரை அவர் எழுந்திருக்கவில்லை. வீடு வந்து ஒரு வாரம் கழித்து, "அடுத்த வருசம் எப்பம்மா போறோம்?" என்று அவரே கேட்டார்.

ஆகவே, நேயர்களே, இன்றிரவு படங்களைப் பார்ப்பதற்கு முன் உங்கள் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். உங்களால் எவ்வளவு தூரம் நடக்க முடியும், என்ன பார்க்க ஆசை என்று கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வார். இரண்டாம் முறையும் கேளுங்கள்.