பூட்டுவதும் பூணுவதும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கி வரும் பெருவீதி, கல்லாற்றை விட்டதும் அம்பாறை மாவட்டத்தினுட் புகுகின்றது. புகுமிடத்தில் முதலில் எதிர்ப்படும் ஊர் பெரியநீலாவணை. அதன்பின் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊரோடு ஊர் தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. ஒருபுறம் கடல், மறுபுறம் வயல், நடுவே இந்த ஒரே வீதி. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும், சந்தைக்குப் போகும் வியாபாரிகளும், நெல் ஏற்றிய உழவு இயந்திரங்களும், எவருக்கும் கட்டுப்படாத மாடுகளும் இதனையே நம்பி வாழ்கின்றன.

மாலை வேளையில் இவ்வீதியோரம் நிற்பவர், கண்ணை மூடிக்கொண்டே ஒன்றை அறிந்துவிடலாம். வருவது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உள்ள மோட்டார் சைக்கிளா, அன்றி உடையவர் தம் விருப்பத்துக்கு மாற்றியமைத்ததா என்பதுதான் அது. சத்தமே சொல்லிவிடும்.

இலங்கையிற் பதிவாகியுள்ள வாகனங்களுட் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிற் புதிய வண்டி கிடைப்பது அரிதாயிற்று. உள்ள வண்டியின் விலை ஏறிற்று. புதியது வாங்க இயலாதவர் பழையதைப் புதியதாக்க முற்படுவது இயல்பன்றோ? கொழும்புப் பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகள் நாடறிந்தவை. அங்கிருந்து பஸ்ஸிலே வந்திறங்கும் பொதி ஒன்றைப் பிரிக்கும் மகிழ்ச்சி, பெருநாள் உடுப்பைப் பிரிக்கும் மகிழ்ச்சிக்குக் குறைந்ததன்று. இதனைப் பழிப்பதிற் பொருளில்லை. தம் கையால் ஒரு பொருளைத் திருத்தி அழகுபடுத்தும் ஆசை மனிதனுக்கு மிகப் பழையது. மாட்டுவண்டிக் காலத்திலும் கொம்புக்குக் குப்பி போட்டவர்களும் கழுத்துக்குச் சலங்கை கட்டியவர்களும் இருந்தார்கள். ஆனால் சலங்கை வாங்குமுன் அச்சாணியைப் பார்த்தார்கள். இக்காலத்தில் அந்த வரிசை தலைகீழாகிவிட்டது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட விஷயம்.

ஒரு வாலிபரை மனத்தில் எண்ணிக்கொள்க. நூற்றைம்பது ‘சீசீ’ எஞ்சின் கொண்ட பந்தய அமைப்பு மோட்டார் சைக்கிள் ஒன்றை, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் இரண்டாங்கையாக வாங்கியிருக்கிறார். முதலாவதாக மாற்றப்படுவது சைலன்சர். இரண்டாவது, பக்கக் கண்ணாடிகள். பெரியவை கழன்று, உள்ளங்கையிற் பாதியளவானவை ஏறுகின்றன. மூன்றாவது, பின்சில்லுக்கு அகலமான டயர். பிறகு நிறம் பூசிய பிறேக் பிடிகள். இத்தனைக்கும் நடுவே சில இரும்புத் துண்டுகள் ‘அசிங்கம்’ என்று கழற்றிக் கராஜின் மூலையில் எறியப்படுகின்றன. தலைக்கவசமோ, பொலிஸார் மறித்தாற் காட்டுவதற்கென்று வீதியோரம் வாங்கிய மலிவான ஒன்று.

சைலன்சரை முதலிற் பார்ப்போர் அதனைச் சத்தம் அடக்கும் குழாய் என்று மட்டுமே எண்ணுகின்றனர். எஞ்சினுக்குள் எரிபொருளும் காற்றும் எந்த அளவிற் கலக்க வேண்டும் என்பது, புகை வெளியேறும் வழியையும் கணக்கிற் கொண்டே தொழிற்சாலையில் வகுக்கப்பட்டுள்ளது. உள்ளிருக்கும் தடுப்பை உருவி எடுத்துவிட்டு, கலவை அளவை அப்படியே விட்டால், எஞ்சின் கூடுதலாகச் சூடேறலாம். இத்தகைய சிறு எஞ்சினிற் பெறும் வலுவோ அற்பம். கூடுவது காதுக்குத்தான். ‘சத்தம் கேட்டால் மற்றவர் விலகுவார்கள், அது பாதுகாப்பு’ என்று ஒரு நியாயமும் சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பாரும் அவருடைய குழுவினரும், லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நிகழ்ந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நிகழ்ந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து, 1981இல் அறிக்கை வெளியிட்டனர். அபாயம் பெரும்பாலும் வருவது, கடிகார முகத்திற் பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் இடைப்பட்ட திசையிலிருந்து, அதாவது நேர் எதிரிலிருந்து என்று அவர்கள் கண்டனர். சைலன்சரின் வாயோ பின்னோக்கி இருக்கிறது! எதிரே திரும்பும் முச்சக்கர வண்டிக்காரருக்கு அது காலந்தாழ்த்தியே கேட்கும். கடந்து போனபின் வீட்டிற் தூங்கும் குழந்தைக்கு நன்றாகக் கேட்கும். பந்தய வண்டிபோலவும் வேறு பாணிகளிலும் உருமாற்றிய வண்டிகள், வீதியிலுள்ள தொகைக்கு மிஞ்சிய விகிதத்தில் விபத்துகளிற் காணப்பட்டன என்பதும் அதே அறிக்கையின் முடிவு. அதற்கு உருமாற்றம்தான் காரணமோ, உருமாற்றும் ஆளின் சுபாவம்தான் காரணமோ, இரண்டையும் பிரிப்பது எளிதன்று.

இனி, மூலையில் எறிந்த இரும்புத் துண்டுகள். அவற்றுள் ஒன்று செயினை மூடும் காப்பு. மற்றொன்று, பின்சில்லின் ஓரத்தில், பின்னாலிருப்பவரின் ஆடை சிக்காமற் தடுக்கும் சட்டம். இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, தமது 123ஆம் விதியில், பின்சில்லிற் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் காப்பு வேண்டும் என்று விதிக்கின்றன. ஆகவேதான் இந்தியாவிலிருந்து இங்கு வரும் வண்டிகளிலும் அது காணப்படுகிறது. அச்சட்டத்தைக் கழற்றினால் வண்டி மெலிந்து அழகாகத் தெரியும் என்பது உண்மையே. ஆனால் அதே வண்டியின் பின்னால், நாளைக் காலை வைத்தியசாலைக்குச் செல்ல ஏறி அமரப் போகிறவர் அவருடைய தாயார். சேலையோ அபாயாவோ அணிந்திருப்பார். காற்றிற் பறக்கும் முந்தானையோ மேலாடையோ இருக்கும். சில்லு ஒரு விநாடியிற் பல தடவை சுழலும். துணியின் நுனி ஒருமுறை அகப்பட்டால், அதனைப் பற்றி இழுப்பதற்கோ, ‘தம்பி, நில்லு’ என்று சொல்லுவதற்கோ அவகாசம் இல்லை. இக்கரையோர ஊர்களில் மோட்டார் சைக்கிள் என்பது தனியொருவரின் வாகனமன்று, குடும்பத்தின் வாகனம். பந்தயக்காரருக்குத் தேவையில்லாத இரும்பு, குடும்பத்துக்குத் தேவையான இரும்பு. கழற்றியிருப்பவர்கள் இன்றே தேடி எடுத்துப் பூட்டலாம். இரண்டு மூன்று சுரைகளின் வேலைதான்.

மாற்றுப் பாகங்கள் யாவும் வீண் என்று இதனாற் கொள்ளல் தகாது. தொழிற்சாலை பூட்டும் பாகங்களுள் விலையைக் குறைப்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவையும் உண்டு. மோட்டார் சைக்கிள் நிலத்தைத் தொடுவது இரண்டே இடங்களில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. எனவே, நல்ல டயருக்குச் செலவிடும் பணம் வீணாவதில்லை. ஆனால் அகலமான டயர் என்பது நல்ல டயர் அன்று. ஒடுக்கமான விளிம்பில் அகல டயரை ஏற்றினால், அதன் வளைவு நசுங்கி, சாய்ந்து திரும்பும்போது நிலத்தைப் பற்றும் முறை கெடுகிறது. அளவு மாறாமல், தரம் உயர்ந்ததை வாங்குவதே அறிவுடைமை. வாங்குமுன், டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துள் இருக்கும் நான்கு இலக்கங்களைப் பார்த்தல் வேண்டும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். கடையிற் பல வருடம் வெயிலிற் கிடந்து இறுகிய றப்பர், பார்வைக்குப் புதிதாகவே இருக்கும்.

பிறேக்கின் தேய்கட்டையும் அத்தகையதே. வண்டி விரைந்து நிற்கும்போது பாரம் முன்சில்லுக்கு மாறுகிறது. ஆகவே நிறுத்தும் வலிமையிற் பெரும்பகுதி முன் பிறேக்கினுடையது. விபத்துக்குள்ளானவர்களிற் பெரும்பாலோர் பின் பிறேக்கை அளவுக்குமேல் மிதித்துச் சறுக்கினர், முன் பிறேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை என்று ஹர்ட் அறிக்கை கூறுகிறது. நிறம் பூசிய பிடியின் விலைக்கு, நம்பகமான கடையிற் பெற்ற உண்மையான தேய்கட்டை கிடைத்துவிடும். போலிப் பெட்டியில் வருவதை எவ்வளவு மலிவாயினும் பிறேக்கிற் பூட்டலாகாது. கரையோரத்துக்கு மேலும் ஒரு தொல்லை உண்டு. உப்புக் காற்று மலிவான முலாம் பூசிய பாகத்தைச் சில மாதங்களிலேயே துருவேற்றும், செயினை அரிக்கும். வாரந்தோறும் நல்ல தண்ணீரிற் கழுவி, செயினுக்கு எண்ணெய் இடுவது, எந்த இறக்குமதிப் பாகத்தையும்விடப் பயன் தரும்.

இதுவரை வண்டியிற் பூட்டுவது. உடலிற் பூணுவதற்கு ஒரு கதை உண்டு.

அரேபியாவின் லோரன்ஸ் என்று பெயர்பெற்ற ஆங்கிலேயர், 1935ஆம் ஆண்டு மே 13ஆம் திகதி, இங்கிலாந்தின் டோர்செற் பகுதியில் தமது மோட்டார் சைக்கிளிற் சென்றுகொண்டிருந்தார். பாலைவனப் போரிலே தப்பியவர், சைக்கிளில் வந்த இரு சிறுவர்களை விலத்தப்போய்த் தூக்கி எறியப்பட்டார். தலையில் எதுவும் அணிந்திருக்கவில்லை. ஆறு நாள் நினைவிழந்து கிடந்து, 46ஆம் வயதில் இறந்தார். அவரைப் பார்வையிட்ட வைத்தியர்களுள் ஹியூ கெயின்ஸ் என்னும் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒருவர். அந்த மரணம் அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் முதல் 21 மாதங்களிற் பிரித்தானிய வீதிகளில் மோட்டார் சைக்கிளில் சென்ற 2,279 பேர் மாண்டனர் என்பதை எடுத்துக்காட்டி, தலைக்கவசத்தின் அவசியத்தை 1941இல் அவர் எழுதினார். அவ்வாண்டு நவம்பரிற் பிரித்தானிய இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு அதனைக் கட்டாயமாக்கியது. 1961இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் பொதுமக்களுக்கும் அதனைச் சட்டமாக்கியது. தலைக்கவசம் மரண அபாயத்தை ஏறக்குறைய 42 வீதமும், தலைக்காயத்தை 69 வீதமும் குறைக்கிறது என்பது பிற்கால ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு.

அது எவ்வாறு காக்கிறது? வெளி ஓடு அன்று, உள்ளே இருக்கும் நுரைத் திண்டே காப்பது. அடி விழும்போது அது நசுங்கி, மூளை நிற்கும் கணத்தைச் சற்றே நீட்டுகிறது. ஒருமுறை நசுங்கியது மீண்டும் எழும்புவதில்லை. ஆதலால் விபத்திற் பட்ட கவசத்தைப் பத்திரப்படுத்தாமல் எறிந்துவிட வேண்டும். இரண்டாங்கையாக வாங்கலாகாது. பெற்றோலால் துடைத்தலும் கண்ட பூச்சை அடித்தலும் நுரையையும் ஓட்டையும் அரிக்கும். ஐரோப்பியத் தரவிதியின் சோதனைகளில் ஒன்று, கவசத்தை விநாடிக்கு 7.5 மீற்றர் வேகத்தில் இரும்பில் மோதவிடுவது. அது மணிக்கு 27 கிலோமீற்றர்தான். அறுபதில் ஓடுபவருக்கு இது எவ்வாறு போதும் என்று கேட்கலாம். வழுக்கி விழுபவரின் தலை நிலத்தை நோக்கி விழும் உயரம், ஏறக்குறைய இருக்கையில் அமர்ந்திருப்பவரின் தலையின் உயரமே; அதற்கு அச்சோதனை போதும். முன்னோக்கிய வேகத்தை உடல் வீதியிற் சறுக்கிச் சறுக்கிக் கரைக்க வேண்டும். வழியில் மதகுச் சுவர் குறுக்கிட்டாலோ கணக்கு வேறு. அறுபது கிலோமீற்றர் வேகத்திற் சுவரில் மோதுவது, 14 மீற்றர் உயரத் தென்னையின் உச்சியிலிருந்து விழுவதற்கு ஒப்பாகும்.

சறுக்கும்போது காப்பது துணி. தார் வீதி அரத்தைப் போன்றது. சாதாரணப் பருத்திச் சட்டை கணப்பொழுதிற் கிழிந்துவிடும். நூலின் திண்மையும் நெசவின் நெருக்கமும் என்ன செய்யும் என்பதைத் தறிக்குப் பெயர்போன மருதமுனையார்க்குச் சொல்லவேண்டியதில்லை. 1965இல் ஸ்டெஃபனி குவோலெக் என்னும் அமெரிக்க இரசாயன அறிஞர் கண்டுபிடித்த கெவ்லர் நூல், இன்று இத்தகைய ஆடைகளிலும் உண்டு. ‘கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் இவற்றை யார் போடுவது?’ என்பது நியாயமான கேள்வி. காற்றுப் புகும் வலைத்துணியில், தோளிலும் முழங்கையிலும் மட்டும் திண்டு வைத்துத் தைத்த மேலங்கிகள் இப்பொழுது கிடைக்கின்றன. அதற்கும் பணமில்லாதவர், கையுறையும் கணுக்கால் மூடிய சப்பாத்தும் முதலில் வாங்கலாம். விழுபவர் எவரும் முதலில் ஊன்றுவது உள்ளங்கையைத்தானே!

வெப்பமும் குறுந்தூரமும் சேர்ந்து செய்யும் கேடு ஹர்ட் அறிக்கையிலும் பதிவாகியுள்ளது. சூடான நாட்களிலும் குறுகிய பயணங்களிலும்தான் இளைஞர்கள் கவசத்தை விட்டுச் சென்றனர். விபத்துகளோ பெரும்பாலும் கடை கண்ணிக்குப் போகும் சிறு பயணத்திலேயே, புறப்பட்ட இடத்துக்கு அண்மையிலேயே நிகழ்ந்தன. மோதும் கணத்தின் இடைநிலை வேகம் மணிக்கு 35 கிலோமீற்றர் அளவே. பெரியநீலாவணையிலிருந்து கல்முனைச் சந்தைக்குப் போவது அத்தகைய பயணமே.

முகம் முழுவதும் மூடும் கவசமா, பாதி மூடுவதா என்ற வாதம் இந்நாட்டில் நீதிமன்றம்வரை சென்றது. குற்றவாளிகள் முகத்தை மறைக்கின்றனர் என்று கூறி 2015இற் பொலிஸார் முழுமுகக் கவசத்தைத் தடைசெய்ய முற்பட்டபோது, மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்கால உத்தரவால் அதனை நிறுத்திவைத்தது. ஜெர்மனியின் ஹனோவர் ஆய்வொன்றில், கவசத்திற் பட்ட அடிகளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு தாடைப் பகுதியில் விழுந்திருந்தது. பாதிக் கவசம் அங்கே வெறுமையாக இருக்கிறது.

கடைக்குச் செல்லும் நேயர்கள் இலங்கைத் தரமான எஸ்எல்எஸ் 517, அல்லது வட்டத்துள் ‘ஈ’ எழுத்துப் பொறித்த ஐரோப்பியக் குறி இருக்கிறதா என்று முதலிற் பார்க்கவும். பிறகு தலையில் அணிந்து, நாடியின்கீழ் வாரை இறுக்கிக்கொண்டு, பின்விளிம்பைப் பிடித்து முன்னோக்கி உருட்டித் தள்ளுமாறு கடைக்காரரிடமே சொல்லவும். கழன்று வந்தால் ஒரு அளவு சிறியதைக் கேட்கவும். பின்னால் ஏறும் பிள்ளைக்கும் அதே சோதனைதான்; தந்தையின் பழைய கவசம் பிள்ளையின் தலையில் ஆடிக்கொண்டுதான் இருக்கும்.