இணையத்திற்கு ஒரு பதிவேடு



சென்ற ஆண்டு என் பேத்தி கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பம் அனுப்ப முனைந்த இரவில் எங்கள் வீட்டு இணையம் நின்றுவிட்டது. நள்ளிரவோடு காலக்கெடு முடிவதாயிருந்தது. அண்டை வீட்டாரின் கைப்பேசி இணைப்பை இரவல் பெற்றே அனுப்பினோம். குழந்தையின் கை நடுங்கியதை நான் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் நிறுவனத்தாரைத் தொலைபேசியில் கடிந்துகொண்டேன். "எப்போதெல்லாம் நிற்கிறது, ஐயா?" என்று அவர்கள் வினவினார்கள். எனக்கு விடை தெரியவில்லை. முப்பது ஆண்டுகள் வருகைப் பதிவேட்டைக் காத்தவனுக்கு இது நாணத்தை அளித்தது. அன்றே ஒரு குறிப்பேடு தொடங்கினேன்: நாள், மணி, பெட்டியில் எரியும் விளக்கின் நிறம்.

பத்து நாட்களில் கோளாறு ஒன்றன்று, இரண்டு என்பது புலனாயிற்று. சிவப்பு விளக்கு எரிந்தவையெல்லாம் மாலைக்குப் பின். அதாவது, கொசுவுக்கு அஞ்சி நாங்கள் சன்னலைச் சாத்திய பின். கண்ணாடி இழைக் கம்பி சன்னற்கதவின் இடுக்கில் நசுங்கிக் கிடந்தது. அளவுக்கு மீறி வளைந்தால் ஒளி இழையைவிட்டுக் கசிந்துவிடும். மற்ற வேளைகளில் விளக்கு பச்சையாகவே இருந்தது. ஆயினும் பேத்தியின் அறைக்கு எதுவும் எட்டவில்லை. பெட்டியை, பார்வைக்கு அழகாயில்லை என்று, இரும்பு பீரோவின் பின்னே ஒளித்து வைத்தவன் நானே! வைஃபையும் வானொலி அலைதான். இரும்பு அதனைத் தடுக்கும்.

பெட்டியை நான் இடம் மாற்றினேன். கம்பியை மாற்ற நிறுவனத்து இளைஞர் வந்து சேர ஆறு நாட்களாயின. அத்தாமதத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. குறிப்பேட்டை அவரிடம் நீட்டினேன். ஒருமுறை படித்தவர், வேறெதுவும் கேளாமல் நேரே சன்னலண்டை சென்றார்.