ஏரி மீனும் ஊர்ப் பொதுமையும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுத்தாறாகவும் இறங்கிக் கள்ளக்குறிச்சிச் சமவெளியை அடைகிறது. கோமுகி அணைக்கு 46 அடி, மணிமுத்தா அணைக்கு 36 அடி என நீரின் உயரம் அளந்து சொல்லப்படுகிறது. அந்நீர் பாய்ந்து விளையும் நெல்லுக்கும் கரும்புக்கும் கணக்குண்டு. நீரில் வளரும் மீன் யாருக்குரியது என்னும் வினாவோ எளிதில் எழுவதில்லை.

தமிழ் இலக்கியத்திற்கு இவ்வினா புதிதன்று. ஓரம்போகியார் பாடிய ஐங்குறுநூற்று மருதத்தில் பாண்மகள் விராலைக் கூடையில் கொண்டு வருகிறாள். மனையோள் அக்கூடையைப் பழைய வெண்ணெல்லால் நிரப்பி அனுப்புகிறாள். வயலுடையார்க்கும் வலையுடையார்க்கும் இடையே நிகழ்ந்த பண்டமாற்று அது. பின்னர் ஏரியில் மீன்பிடிக்கும் உரிமைக்குப் 'பாசிப்பாட்டம்' என்னும் வரி எழுந்தது. இன்றைய 'மீன்பாசிக் குத்தகை' என்னும் அலுவலகச் சொல்லில் அப்பழஞ்சொல் உயிரோடு இருக்கிறது.

தென்மாவட்டங்கள் இவ்வுரிமையை வேறு வகையில் போற்றுகின்றன. புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை, திண்டுக்கல் பகுதிகளில் அறுவடை முடிந்து கண்மாய் நீர் வற்றும் கோடையில் மீன்பிடித் திருவிழா நடைபெறுகிறது. அயலூராரும் விடியுமுன் கரையில் திரள்வர். ஊர்ப் பெரியவர் தெய்வத்தை வணங்கி வெள்ளைத் துணியை வீசியதும் அனைவரும் நீரில் இறங்குவர். அடியும் தலையும் திறந்த மூங்கில் கூடையாகிய ஊத்தாவைச் சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியே கைவிட்டு மீனைப் பற்றுவர். கச்சா வலை வீசுவோரும் உளர். பல ஊர்களில் அம்மீனை விற்பதில்லை; அன்று எல்லா வீட்டிலும் மீன் குழம்பு மணக்கும். சாதியும் நிலவுடைமையும் பிரித்து வைத்த மக்கள் ஒரே சேற்றில் நிற்கும் நாள் அது.

இவ்வழக்கம் சுருங்கியதற்குப் பேராசை மட்டுமே காரணமென்று கூறுதல் நேர்மையாகாது. விராலும் கெளுத்தியும் காற்றை நேரே சுவாசிக்க வல்லவை. குட்டையில் எஞ்சி நின்று, மழை வந்ததும் தாமே பெருகும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை ஓடும் ஆற்றில் இனம் பெருக்குபவை. ஏரியின் தேங்கிய நீரில் முட்டையிடா. 1957-இல் ஒடிசாவின் கட்டாக்கில் ஹிராலால் சௌத்ரி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழிச் செலுத்தி இந்தியப் பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்தார். அதன்பின் மீன்குஞ்சு பண்ணையில் கிடைத்தது. ஆண்டுதோறும் குஞ்சு வாங்கி விடவும் இரவில் காவல் காக்கவும் முதல் வேண்டும். முதலிட்டவர் உரிமை கேட்பது இயல்பே. இவ்வாறு, இயற்கை இட்ட மீன் ஊருக்கும், மனிதர் இட்ட மீன் குத்தகைக்காரருக்கும் என நீருக்குள் ஒரு வரப்பு விழுந்தது.

ஆயினும் ஏரி ஒருவர் முதலால் அமைந்ததன்று. கரைக்கு மண் சுமந்தவர்கள் ஊரார்; நீரைத் தந்தது மலை. மீன் குத்தகைக்காரருடையதே எனினும், தன் ஏரியில் தூண்டிலிடும் சிறுவன் திருடனாகக் கருதப்படுவது எந்த அறத்தில் அடங்கும்? குத்தகை முடிந்து நீர் வற்றும் இறுதி நாளை ஊருக்கென ஒதுக்கலாம். ஏலத் தொகையில் ஒரு பங்கை அவ்வேரியைத் தூர் வாரவே செலவிடலாம். 2019 நவம்பர் 26-இல் தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சி இதற்கு வழிகாட்டினால் பெருமையே.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருதத்தைப் பாடும்போது தாமரையோடு நிறுத்திவிட வேண்டா. ஊத்தா, பறி, தூரி என்னும் சொற்கள் ஏரியோடு சேர்ந்தே வற்றுகின்றன. அவற்றைக் கையாளும் முதியவர்கள் இன்னும் கரையில் இருக்கிறார்கள். அவர்களிடம் சென்று கேட்டு எழுதுங்கள். அடுத்த பத்தாண்டு மலரில் அச்சொற்கள் இடம்பெறுமானால், இந்த வட்டம் தமிழுக்கும் ஊருக்கும் ஒருங்கே பணி செய்ததாகும்.