முதல் புத்தகம்: எழுதுவதும் விற்பதும்

(எழுத முன்வந்துள்ள ஆலைத் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மிடையே எழுதுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். இராத்திரி ஷிப்டு முடிந்து வந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கும் ஸ்பின்னிங் தொழிலாளி இருக்கிறார். நடவுக் கூலிக்கு நடந்த போராட்டத்தைப் பாட்டாகக் கட்டி வைத்திருக்கும் பெண் தோழர் இருக்கிறார். எழுதியது பெட்டியில் கிடக்கிறது. "இது புத்தகமாகுமா? ஆனாலும் யார் வாங்குவார்கள்?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரு தொழிலாளியின் கதையைச் சொல்கிறோம். அதிலிருந்து நாம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

ஒரு பெயிண்டரின் புத்தகம்

அவர் பெயர் ராபர்ட் நூனன். 1870-ல் டப்ளின் நகரில் பிறந்தவர். தென்னாப்பிரிக்காவில் சில காலம் இருந்துவிட்டு, இங்கிலாந்தின் கடற்கரை ஊரான ஹேஸ்டிங்ஸில் குடியேறினார். வீடுகளுக்கு வர்ணம் அடிப்பதும் பெயர்ப் பலகை எழுதுவதும் அவர் தொழில். ஒரே மகள். நெஞ்சிலே காசநோய். பகலெல்லாம் ஏணிமேல் நின்று வேலை செய்துவிட்டு, இராத்திரியில் உட்கார்ந்து எழுதினார். சில ஆண்டு உழைப்புக்குப் பின் 1910-ல் நாவல் முடிந்தது. கையெழுத்திலேயே சுமார் 1,600 பக்கம்!

நாவலின் பெயரைத் தமிழில் சொன்னால் "கந்தல் கால்சட்டைப் பரோபகாரிகள்" என்று வரும். யார் அந்தப் பரோபகாரிகள்? கிழிந்த கால்சட்டை போட்டுக்கொண்டு, தங்கள் உழைப்பையெல்லாம் முதலாளிக்குத் தானம் செய்கிற தொழிலாளர்கள்தான்! கதாநாயகன் ஓவன் என்னும் பெயிண்டர். சாப்பாட்டு வேளையில் அவன் ரொட்டித் துண்டுகளை மூலப்பொருள் என்றும், கத்திகளை யந்திரம் என்றும், மூன்று செப்புக் காசுகளை முதலாளியின் பணம் என்றும் வைத்துக்கொண்டு, உழைத்தவன் கை கடைசியில் ஏன் வெறுங்கையாகிறது என்று கூட இருப்பவர்களுக்குக் காட்டுகிறான். பெரிய பெரிய பொருளாதார நூல்கள் சொல்வதை ரொட்டியை வைத்துச் சொல்லிவிட்டார் நூனன்.

இங்கே முதல் பாடம். அவர் ராஜாக்களைப் பற்றி எழுதவில்லை. தமக்குத் தெரிந்த சுண்ணாம்பு, வர்ண வாளி, மேஸ்திரியின் உளவு, மழைக்காலத்து வேலையின்மை ஆகியவற்றைத்தான் எழுதினார். தோழர்களே, வைண்டிங்கில் நூல் அறுந்தால் என்ன நடக்கும், களத்தில் மரக்கால் எப்படி ஏமாற்றும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். கல்லூரிப் படிப்பு படித்தவர் அதை எழுத வேண்டுமானால் உங்களிடம்தான் வந்து கேட்க வேண்டும்.

இரண்டாவது பாடம், புனைபெயர். சொந்தப் பெயரில் எழுதினால் எந்தக் கண்டிராக்டரும் வேலை தர மாட்டான் என்று அஞ்சி, பெயிண்டர்கள் பலகை போட்டு நிற்கும் சாரக்காலின் ஆங்கிலப் பெயரையே திருப்பி "டிரெஸ்ஸல்" என்று வைத்துக்கொண்டார். இதில் கோழைத்தனம் ஒன்றுமில்லை. உங்கள் பெயரை மறைப்பது மட்டும் போதாது. கதையில் வரும் சக தொழிலாளியை மேனேஜர் அடையாளம் கண்டுகொள்ளாதபடியும் எழுத வேண்டும். நமது புத்தகத்தால் இன்னொருவன் அடுப்பு அணையக் கூடாது.

25 பவுனுக்குப் போன உழைப்பு

மூன்று பிரசுரகர்த்தர்கள் நாவலைத் திருப்பி அனுப்பினார்கள். மனம் உடைந்த நூனன் கைப்பிரதியைத் தீயில் போடப் போனார். மகள் காத்லீன்தான் அதைக் காப்பாற்றி வைத்தார். கனடாவுக்குப் போய்ப் பிழைக்கலாம் என்று புறப்பட்டவர், 1911 பிப்ரவரியில் லிவர்பூல் ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 40. ஏழைகளைப் புதைக்கும் பொதுக் குழியில், வேறு 12 பேரோடு சேர்த்து அவரைப் புதைத்தார்கள்.

பிறகு கைப்பிரதி கிராண்ட் ரிச்சர்ட்ஸ் என்ற பிரசுரகர்த்தரிடம் போயிற்று. அவர் முழு உரிமையையும் 25 பவுனுக்கு வாங்கி, 1914-ல் வெளியிட்டார். விலை 6 ஷில்லிங்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாவலில் வரும் கைதேர்ந்த பெயிண்டரின் கூலி மணிக்கு 7 பென்னி. அந்நாளில் ஒரு பவுனுக்கு 240 பென்னி. 25 பவுன் என்றால் 6,000 பென்னி. அதாவது 857 மணி நேரக் கூலி. வாரத்துக்கு 50 மணி வேலை என்று வைத்தாலும் 17 வாரக் கூலிதான். ஆண்டுக்கணக்கான இரவுகளுக்கு 17 வாரக் கூலி! சரி, புத்தகத்தின் விலை? 6 ஷில்லிங் என்பது 72 பென்னி. பெயிண்டர்களைப் பற்றிய புத்தகத்தை ஒரு பெயிண்டர் வாங்க வேண்டுமானால் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய வேண்டும். பின் யார் வாங்கியிருப்பார்கள்?

இன்னொரு கொடுமையும் நடந்தது. அச்சுக்குப் போகுமுன் நாவலைப் பெரிதும் வெட்டினார்கள். சோஷலிசம் பேசும் பகுதிகளில் நிறையப் போய்விட்டன. நம்பிக்கையோடு முடிந்த கதையைத் திருப்பி, ஓவன் மனமுடைந்து சாவைப் பற்றி நினைப்பதோடு முடித்துவிட்டார்கள். 1918-ல் வந்த பதிப்பில் இன்னும் வெட்டு. ஹேஸ்டிங்ஸைச் சேர்ந்த பிரெட் பால் என்பவர் 1946-ல் மூலக் கைப்பிரதியைத் தேடிப் பிடித்து வாங்கினார். முழு நாவல் 1955-ல் லாரன்ஸ் அண்ட் விஷார்ட் பிரசுரமாக வந்தது. எழுதி முடித்து 45 ஆண்டுக்குப் பிறகுதான் நூனன் எழுதியது எழுதியபடி ஜனங்களிடம் வந்தது.

வெட்டவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. 1,600 பக்கத்தில் பதர் இல்லாமலிருக்காது. கேள்வி என்னவென்றால், வெட்டுகிறவன் யார், எதற்காக வெட்டுகிறான்? அச்சுக்குப் போகுமுன் உங்களோடு வேலை செய்யும் பத்துப் பேரை உட்காரவைத்து உரக்கப் படியுங்கள். எந்த இடத்தில் பீடி பற்றவைக்க எழுந்து போகிறார்களோ, அந்த இடத்தை வெட்டுங்கள். எந்த இடத்தில் "திரும்பப் படி" என்கிறார்களோ, அதை யார் சொன்னாலும் தொடாதீர்கள். கைப்பிரதிக்கு நகல் இரண்டு எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள். ஒரே பிரதியை நம்பினால் ஒரு தீக்குச்சி போதும்.

உரிமையை விற்காதீர்கள்

நமது நாட்டில் 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. எழுதியவுடனேயே உரிமை எழுதியவனுக்கு. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. உயிரோடிருக்கும் வரையிலும், இறந்தபின் 60 ஆண்டும் அது உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் சேரும். இன்னொருவருக்கு அதை மாற்றிக் கொடுப்பதானால் எழுத்தில் கையெழுத்திட்டுத்தான் கொடுக்க முடியும். எத்தனை ஆண்டுக்கு என்று பத்திரத்தில் எழுதவில்லையானால் 5 ஆண்டு என்றே சட்டம் கொள்ளும். ஆகவே கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். எந்தப் பதிப்பு, எத்தனை பிரதி, எத்தனை ஆண்டு, எவ்வளவு ராயல்டி என்று எழுதி வாங்குங்கள். "எல்லா உரிமையும், எக்காலத்துக்கும்" என்று இருந்தால் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அச்சும் விற்பனையும்

நாமே வெளியிடுவதானால் முதல் புத்தகம் சிறியதாக இருக்கட்டும். 16 பக்கம் ஒரு பாரம். 128 பக்கத்துக்கு 8 பாரம். பாரத்தைத் தாண்டி நான்கு பக்கம் போனாலும் காகிதம் வீணாகும். புரூப்பை இரண்டு பேர் பார்க்க வேண்டும். எழுதியவன் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

ஓர் உதாரணக் கணக்கு. 500 பிரதிக்கு 40,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். பிரதிக்கு 80 ரூபாய் அடக்கம். விலை 120. கடைக்காரருக்கு நூற்றுக்கு 35 கழிவு கொடுத்தால் நம் கைக்கு வருவது 78. பிரதிக்கு 2 ரூபாய் நஷ்டம்! அதையே நாம் நேரில் விற்றால் 334 பிரதியில் போட்ட முதல் திரும்பிவிடும். விலையைக் கூட்டினால் வாங்க வேண்டியவன் வாங்க மாட்டான். 6 ஷில்லிங் கதைதான். ஆகவே நேர் விற்பனைதான் நமக்கு வழி.

எங்கே விற்பது? சம்பள நாளில் மில் கேட்டில், சங்க மகாநாட்டில், அறுவடைக் கூலி கையில் வந்த வாரத்தில் தெருமுனைக் கூட்டத்தில். அச்சுக்கு முன்பே ரசீது போட்டு முன்பணம் வாங்குங்கள். நூறு பேர் முன்பணம் கொடுத்தால் காகிதச் செலவில் ஒரு பகுதி கையில் இருக்கும். கந்துவட்டிக்காரனிடம் போக வேண்டாம். "புத்தகம் வாங்குங்கள்" என்று மட்டும் கூவாதீர்கள். இரண்டு பக்கம் படித்துக் காட்டி நல்ல இடத்தில் நிறுத்துங்கள். மீதியைத் தெரிந்துகொள்ள கை தானாகப் பைக்குள் போகும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வாங்குவார். வீட்டில் படிக்கும் பிள்ளை இருக்கிறது. கடைக்குக் கடனாகக் கொடுத்தால் கையெழுத்து வாங்கி, மூன்று மாதம் கழித்துப் போய்க் கேளுங்கள். நூலகத்துறை வாங்கும் என்று நம்பி ஆயிரம் பிரதி கூடுதலாக அடிக்காதீர்கள். வந்தால் லாபம், வராவிட்டால் பரண்மேல் சுமை.

புத்தகத்துக்குரிய ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்திய சர்க்காரின் ஏஜென்சி இலவசமாகவே தருகிறது. அதற்குப் பணம் கேட்கிறவனை நம்பாதீர்கள். சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். 1954-ம் ஆண்டுச் சட்டப்படி அது வெளியிடுகிறவர் கடமை. நூறு ஆண்டு கழித்தும் உங்கள் ஊர்க் கூலிப் போராட்டம் அங்கே பத்திரமாக இருக்கும்.

பாரதியின் திட்டம்

மகாகவி பாரதியே இதில் பட்ட பாடு நமக்குத் தெரியும். 1920-ல் கடையத்திலிருந்து நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தம் எழுத்துக்களை 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடத் திட்டம். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் வீடுதோறும் போக வேண்டும் என்று விரும்பியவர் அவர். ஆசையில் குற்றமில்லை. ஆனால் எதிர்பார்த்த பணம் வந்து சேரவில்லை. மறு ஆண்டு அவர் மறைந்தார். 4 லட்சம் பிரதிக்குத் தனிமனிதரின் கடிதம் போதவில்லை; அதைச் சுமக்க ஓர் அமைப்பு இல்லை.

நமக்கு அமைப்பு இருக்கிறது, தோழர்களே. கேட்டிலே நின்று துண்டுப் பிரசுரம் கொடுக்கும் கைகள் இருக்கின்றன. உண்டியல் குலுக்கிப் பழகிய குரல்கள் இருக்கின்றன. நூனனுக்கு இவற்றில் ஒன்றும் வாய்க்கவில்லை. ஆகவே பெட்டியில் கிடக்கும் நோட்டுக்களை எடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் பத்துப் பக்கம் கொண்டு வாருங்கள். உரக்கப் படிப்போம்; பதரைப் புடைப்போம்; நெல்லை அச்சுக்கு அனுப்புவோம்.