ஆண்டாள் கிளி கற்றுத் தரும் பாடம்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளியைப் பார்த்திருப்பீர்கள். தினமும் புதிதாகச் செய்யப்படும் கிளி அது. மரவள்ளி இலைதான் உடம்பு, மாதுளம்பூ மூக்கு, மூங்கில் குச்சி கால், கட்டுவதற்கு வாழை நார். பரம்பரையாகச் செய்யும் கைகளுக்கே ஒரு கிளி முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இலை வாடுவதற்குள் மடிக்க வேண்டும். நாரை இறுக்கினால் கிழியும், தளர விட்டால் இறகு சரியும்.

கோடை விடுமுறையில் நம் பிள்ளைகளுக்கு வேண்டியது இந்த மாதிரி வேலைதான். சின்னக் குழந்தைகளுக்குக் காகிதக் கப்பல் போதும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு, கெட்டுப்போனால் பிரித்து மறுபடி செய்யும்படியான, சற்றுக் கடினமான வேலையைக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் ஆர்வம் நிற்கும்.

பொருளுக்கும் பஞ்சமில்லை. ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்யும் ஊர். அந்த மெல்லிய துணியில் மஞ்சள் சாயம் நன்றாகவே ஏறும். பனையோலையும் தென்னை ஈர்க்கும் தெருவிலேயே கிடைக்கும்.

தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள் ஓவியமும் இசையும் நடனமும் கற்கலாம். உங்கள் பகுதியில் எங்கே நடக்கிறது என்று விசாரியுங்கள். அருகில் இல்லையென்றால், தெருவில் ஓலை முடையத் தெரிந்த பாட்டியை ஒரு காலைப்பொழுது அழைத்து, பிள்ளைகளை அவரைச் சுற்றி உட்கார வையுங்கள்.