வறியோர் வீட்டுச் சாமான் பட்டியல்

மாலை மங்கும் வேளையில், யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றின் சில்லறைக் கடைக்கு ஒரு தாய் வருகின்றாள். அவள் கணவன் அன்றன்று கூலி பெறுபவன். ஒரு கிலோ அரிசி, நூறு கிராம் சீனி, ஒரு தேங்காய், சிறியதொரு தேயிலைப் பக்கற்று. அவ்வளவில் கைப்பணம் தீர்ந்துவிடுகின்றது. பருப்பு கடன் கொப்பியில் ஏறுகின்றது. மீனும் முட்டையும் நாளைக்கென ஒதுக்கப்படுகின்றன.

இதனைக் கண்டு, வறியோர்க்குச் சிக்கனம் தெரியாதென்பார் உளர். அக்கூற்று நீதியன்று. மாதச் சம்பளக்காரர் மூடையாக வாங்கி மிச்சம் பிடிக்கின்றார். நாட்கூலிக்காரரோ அதே பொருளைச் சிறு பொதிகளாக வாங்கிக் கூடிய விலை கொடுக்கின்றார். சந்தையில் மலிவென அறிந்தும், கடன் தந்த கடையை விட்டு அகல்வது அவருக்கு எளிதன்று.

1942இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு, 'கூப்பன் அரிசி' என்ற பெயரில் நெடுங்காலம் ஏழைகளைத் தாங்கி நின்றது. 1979இல் உணவு முத்திரை அதன் இடத்தைப் பெற்றது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை, ஓராண்டுக்கு முன்னிருந்ததிலும் ஏறத்தாழ 95 வீதம் உயர்ந்தது. அத்தகைய காலங்களில் வறிய வீட்டில் முதலிற் குறைவது சோறன்று, கறியே. வயிறு நிறையும்; உடல் தேறாது. வகுப்பிலே பிள்ளை சோர்ந்து தூங்குவதற்கும், கடைசியாக உண்ணும் தாய் இரத்தச்சோகையால் வாடுவதற்கும் இதுவும் ஒரு காரணமாகும்.

ஆகவே பட்டியலின் வரிசையை மாற்றுதல் வேண்டும். அரிசிக்கு அடுத்த இடம் சீனிக்கு அன்று, பயறுக்கும் நெத்தலிக் கருவாட்டுக்கும் உரியது. நூறு கிராம் பயற்றில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. அரிசியில் 7 கிராம் அளவே உண்டு. நெத்தலியை முள்ளோடு உண்டால் கல்சியமும் கிடைக்கும். வேலியில் நிற்கும் முருங்கையின் இலைக்கு விலை இல்லை. அதனைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தால், 'ஏ' உயிர்ச்சத்தை உடல் நன்கு ஏற்கும். இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்புச்சத்தும் கூடுதலாகச் சேரும். உணவுண்ட கையோடு தேநீர் அருந்துவது அவ்விரும்புச்சத்தைத் தடுக்குமாதலின், சற்றுப் பொறுத்து அருந்துதல் நன்று.

எனினும், பொறுப்பு முழுவதையும் இல்லாளின் தலையிற் சுமத்தலாகாது. வெற்றிலைக்கும் புகையிலைக்கும் போகும் காசைக் கணவனும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் தகும். அயலிலுள்ள பத்துக் குடும்பங்கள் வாரந்தோறும் சிறுதொகை சேர்த்து, ஒரு மூடை பயற்றை ஒன்றாக வாங்கிப் பங்கிடலாம். கூட்டுறவு என்பது பெயர்ப் பலகையில் மட்டும் இருப்பதன்று. இத்தகைய சிறு முயற்சியிலேதான் அது தொடங்குகின்றது.

அடுப்பிலே கறிச்சட்டியும் ஏறி, தாயும் பிள்ளைகளோடு அமர்ந்து உண்ணும் நாளே அவ்வீட்டின் வறுமை தளரத் தொடங்கும் நாளாகும்.