காசநோயும் நம் மஹல்லாவின் பொறுப்பும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

      

சுகாதாரத் துறையில் களப்பணியாளனாக நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், மக்கள் நலவாழ்வைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு நிர்வாகத்தினர் பணித்தார்கள். சர்க்கரை நோயைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் நாம் தேநீர்க் கடையில் அமர்ந்துகூடக் கூச்சமின்றிப் பேசுகிறோம். ஆகவே, பேசக் கூசுகின்ற ஒரு நோயைப் பற்றி இன்று பேச நாடுகிறேன். அது காசநோய்.

இந்நோயைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பவற்றுள் கணிசமான பகுதி நம் மண்ணிலிருந்தும் நம் மக்களிடமிருந்தும் கிடைத்தது என்பதை நம்மில் பலர் அறியோம். 1956-ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து அதனை நிறுவின. காசநோயாளி என்றால் குடும்பத்தை விட்டுப் பிரித்துச் சானடோரியத்தில் சேர்த்தாக வேண்டும் என்று மருத்துவ உலகம் நம்பிய காலம் அது. ஆனால், நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற படுக்கைகள் நாட்டில் எங்கே இருந்தன?

அம்மையத்தினர் சென்னையின் ஏழை மக்கள் 193 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மறு பிரிவினர் நெருக்கடியான தத்தம் வீடுகளிலும் இருந்தபடி ஓராண்டு காலம் ஒரே மருந்தை உட்கொண்டார்கள். சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன, வீடுகளில் அவ்வாறில்லை. இருந்தும் 1959-இல் வெளியான முடிவில், குணமடைந்தோர் விகிதம் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாரைத் தொடர்ந்து கவனித்தபோது, அவர்களிடம் நோய் அதிகமாகப் பரவியதாகவும் தெரியவில்லை. நோயாளியை வீட்டை விட்டு விலக்கத் தேவையில்லை, மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் போதும் என்ற உண்மையை உலகுக்கு எடுத்துரைத்தவர்கள் சென்னையின் குடிசைவாசிகளே. அந்த மையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டில் இயங்கி வருகிறது.

அடுத்தது நம் மாவட்டத்தின் பெயரையே தாங்கிய ஆய்வு. 1968 முதல் 1971 வரை, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் இருநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களில் சுமார் 2,80,000 பேருக்குப் பி.சி.ஜி. தடுப்பூசியோ, மருந்தில்லாத வெற்று ஊசியோ போடப்பட்டது. யாருக்கு எது என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக் கொண்டவருக்கும் தெரியாது. உலகமே இதன் முடிவை எதிர்பார்த்திருந்தது. வயது வந்தோருக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் தடுப்பூசி பயன் தரவில்லை என்பதே முடிவு. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து 1999-இல் வெளியிட்ட அறிக்கையும் அதனையே உறுதி செய்தது.

இதைக் கேட்டுவிட்டுப் பச்சிளங் குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி. ஊசியை யாரும் தவிர்த்துவிட வேண்டாம். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைக் காசநோயை அது தடுக்கிறது. நாம் பெற வேண்டிய பாடம் வேறு. பெரியவர்களை இந்நோயிலிருந்து ஓர் ஊசி காத்துவிடாது. நோயாளியை விரைவில் கண்டறிந்து, முழுமையாகக் குணப்படுத்துவதே பரவலைத் தடுக்கும் வழி. அதற்கு முதல் தேவை, நோய் மறைக்கப்படாதிருத்தல்.

சகோதரர்களே! இங்கேதான் நம் குறை இருக்கிறது. நான் பணியில் இருந்த காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரையும் பெயரையும் கேட்காதீர்கள். இருபது வயது நிரம்பாத ஒரு பெண்பிள்ளை. சளிப் பரிசோதனையில் நோய் தெரிந்து, மாத்திரை தொடங்கி, மூன்றாம் மாதத்தில் உடல் தேறி வந்தது. அப்போது சம்பந்தம் பேச வந்தார்கள். மாத்திரை அட்டை மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டுவிடும் என்று அஞ்சி, தாயார் அதனை அடுப்பில் இட்டுவிட்டார். நான் வீடு தேடிச் சென்றபோது, அப்படி யாரும் இங்கு இல்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். நிக்காஹ் நடந்தது. ஓராண்டிற்குள் அப்பிள்ளை மீண்டும் வந்தபோது, பழைய மருந்துகளுக்கு நோய் கட்டுப்படவில்லை. அத்தாயாரை நான் குறை கூற மாட்டேன். அவர் அஞ்சியது கிருமிக்கு அன்று, நமக்கு. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்று அவர் எண்ணினாரே, அந்த நாலு பேர் நாம்தான்.

செங்கல்பட்டை அடுத்த திருமணியைப் பாருங்கள். 1924-இல் அங்கே தொழுநோயாளர்களுக்காக லேடி வில்லிங்டன் சானடோரியம் நிறுவப்பட்டது. 1955-இல் மத்திய அரசு அதனை ஏற்றுத் தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சையை 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ நோய் குணமாகிறது. ஆயினும், நம் சமுதாயத்திற்கான 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் உள்ளிட்ட சில சட்டங்களில், தொழுநோய் மணமுறிவுக்கான காரணங்களில் ஒன்றாகவே நீடித்தது. அது நீக்கப்பட்டது 2019-இல்தான். மருந்து வந்த பின்னும் சட்டம் மாற ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன. மனங்கள் மாற எத்தனை ஆண்டுகள் எடுத்துக் கொள்ளப் போகிறோம்?

நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். நோயாளியைச் சென்று நலம் விசாரிப்பதை ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் ஆற்ற வேண்டிய கடமைகளுள் ஒன்றாக்கியவர்களும் அவர்களே. பிறர் குறையை மறைப்பது நற்செயல் என்பது உண்மை. ஆனால், நோய் ஒரு குறையன்று, குற்றமுமன்று. அதனை அண்டை அயலாரிடம் சொல்லாதிருப்பது நோயாளியின் உரிமை. மருத்துவரிடம் மறைப்பதோ தனக்கும் பிறருக்கும் இழைக்கும் தீங்கு.

இந்நோய் எல்லாரையும் தொடலாம். ஆனால், எல்லாரையும் ஒரே அளவில் தொடுவதில்லை. மெலிந்த உடலையும் காற்றோட்டமில்லாத இருப்பிடத்தையும் அது தேடிச் செல்கிறது. மாமல்லபுரத்தில் கல் செதுக்கும் தொழிலாளியின் நுரையீரலில் கல்தூசி படிந்தால், காசநோய் வரும் வாய்ப்பு பன்மடங்காகிறது. ஒரே அறையில் பத்துப் பேராகத் தங்கிக் கட்டட வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்கள், இருளர் குடியிருப்பினர், கடலோரக் குப்பத்தினர், வெளியே வரத் தயங்கும் நம் வீட்டுப் பெண்கள் ஆகியோரே எளிதில் விடுபட்டுப் போகிறவர்கள்.

இதற்கு நம்மால் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை நடந்த ஓர் ஆய்வு வழி காட்டுகிறது. காசநோயாளியின் குடும்பத்தாருக்கு ஆறு மாத காலம், மாதந்தோறும் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் வழங்கினார்கள். அவ்வாறு பெற்ற குடும்பங்களில், புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயைக் குணமாக்குவது மருந்து. உடனிருப்போரைக் காப்பதில் உணவுக்கும் பெரும் பங்குண்டு என்று தெளிவாயிற்று. அரிசியும் பருப்பும் கொடுப்பது நம் பைத்துல்மாலுக்குப் புதிய காரியமா?

ஆகவே, நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தாலோ, மாலைக் காய்ச்சலோ உடல் மெலிவோ இருந்தாலோ அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு மாதம் ஒருமுறை ஜும்ஆவில் அறிவிக்க வேண்டும். பரிசோதனையும் மருந்தும் இலவசம். 2018 முதல் அரசு வழங்கிவரும் ஊட்டச்சத்து உதவித்தொகை, 2024 நவம்பரில் மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதையும் பலர் அறியார்.

இரண்டாவது, சிகிச்சையில் இருப்போரின் குடும்பத்திற்குச் சிகிச்சை முடியும்வரை உணவுப் பொருள் வழங்க வேண்டும். ஜகாத் நிதியின் பங்கீட்டை உலமாக்கள் வழிகாட்டுவார்கள். ஸதகா நிதியிலிருந்தோ, அண்டையில் வாழும் எவருக்கும் மத வேறுபாடின்றி வழங்கலாம்.

மூன்றாவது, இவ்வுதவி பெறுவோரின் பெயரை இந்த ஆண்டறிக்கையில் ஒருபோதும் அச்சிடக் கூடாது. தொகை மட்டும் கணக்கில் வரட்டும். புகைப்படமும் வேண்டாம்.

நான்காவது, குணமடைந்த பிள்ளைக்குச் சம்பந்தம் பேச வரும்போது தடை சொல்லும் நாவாக நம்மில் எவருடைய நாவும் இருக்க வேண்டாம். கூடுமாயின், அப்பிள்ளைக்காகப் பரிந்து பேசும் முதல் ஆளாக ஜமாஅத் நிர்வாகியே நிற்கட்டும்.

சென்னையின் குடிசைவாசிகளும் நம் மாவட்டத்தின் கிராம மக்களும் தங்கள் உடலையே ஆய்வுக்குத் தந்து உலகுக்கு அறிவைக் கொடுத்தார்கள். அந்த அறிவின் பயன், நம் தெருவில் கதவைச் சாத்திக் கொண்டு இருமுகின்ற ஒருவருக்குக் கிட்டாமல் போவதை நாம் அனுமதிக்கலாகாது. அந்தக் கதவை உள்ளிருந்து அவரே அச்சமின்றித் திறக்கும்படி நம் நடத்தை அமைய வேண்டும்.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல நாயன் ஷிஃபாவை நல்குவானாக! அவர்களுக்குத் துணை நிற்கும் நற்பேற்றை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.